அல்சருக்கு ஒரு சீட்டு, சிறுநீரகத்துக்கு ஒரு சீட்டு: அப்பாவுக்கு எதைச் சமைப்பது?

தஞ்சைமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 64 வயது, எடை 60 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தம் 15 ஆண்டுகளாக உண்டு. இளமையிலிருந்தே வயிற்றுப்புண் இருக்கிறது; சாப்பாட்டு நேரம் தவறினால் நெஞ்சைக் கரித்துக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை நான்கைந்து ஆண்டுகள் விழுங்கியிருக்கிறார் என்பது இப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. சென்ற மாதப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக்கழிவு) 3.1, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 21, பொட்டாசியம் 5.8, பைகார்பனேட் 18, ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை என்றார்கள்.

எங்கள் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், வயிற்றுப் பிரிவில் தந்த உணவுச் சீட்டில் இளநீர், மோர், வாழைப்பழம், வாழைத்தண்டு, கீரைக்கூட்டு, இரவில் ஒரு தம்ளர் பால் என்று எழுதியிருந்தது. அதே வாரம் நான்காம் மாடியில், சிறுநீரகப் பிரிவில் அந்தச் சீட்டைக் காட்டியபோது ஏறக்குறைய எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அச்சடித்த வேறொரு தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் "தவிர்க்க" என்ற பகுதி ஒன்றரைப் பக்கம், "சேர்க்க" என்ற பகுதி ஆறு வரி. அப்பா இரண்டையும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அப்படியானால் நான் காற்றைத்தான் குடிக்க வேண்டும்" என்றார். கீரையையும் பழத்தையும் நிறுத்திய ஒரே வாரத்தில் மலச்சிக்கல் வந்துவிட்டது.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பு வாங்கு என்கிறார் சித்தப்பா. இந்துப்பு போதும் என்கிறார் அத்தை. புளித்த ஏப்பத்துக்குத் தண்ணீரில் ஆப்ப சோடா கலந்து குடிப்பது அப்பாவின் நெடுநாள் பழக்கம். இந்த இரண்டு நோயையும் சேர்த்து வைத்துச் சமைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

வெண்பொங்கல் எழுதியது:

சகோதரி, மற்றவற்றைப் பிறகு பேசலாம். அந்தச் சோடியம் குறைந்த உப்பை இன்றே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு அது நல்லதாக இருக்கலாம்; பொட்டாசியம் 5.8-இல் நிற்பவருக்கு அது கூடவே கூடாது. இந்துப்பு பெரும்பாலும் நம் சாதாரண உப்பேதான். அதனால் தனிப்பட்ட கெடுதல் இல்லை, ஆனால் "இந்துப்புதானே" என்று ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடும் கை இருக்கிறதே, அதுதான் கெடுதல். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அளவுச்சாப்பாடு எழுதியது:

நான் 18 ஆண்டுகள் மருத்துவமனை உணவியலாளராக, அதிலும் பெரும்பகுதி டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றியவள். உங்கள் தந்தையாரை நான் பார்த்ததில்லை என்பதால் இதை அவருடைய மருத்துவரிடம் பேசுவதற்கான முன்தயாரிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சீட்டுகளும் தம்மளவில் சரியானவையே. ஒன்று வயிற்றை மட்டும் பார்த்து எழுதப்பட்டது, மற்றொன்று நோயின் பெயரை மட்டும் பார்த்து அச்சடிக்கப்பட்டது. உங்கள் கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு பேருமே உணவோடு பொருத்திப் பார்க்கவில்லை. நான்காம் நிலையிலேயே பொட்டாசியம் 4.4 உள்ள ஒருவருக்கு வாழைப்பழத்தை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் இல்லை. உங்கள் தந்தையாருக்கு 5.8 இருப்பதால் இப்போதைக்கு நிறுத்துகிறோம். அந்த எண் இறங்கினால் சிறிது சிறிதாகத் திருப்பித் தருவோம். "வாழ்நாள் முழுக்க இது கிடையாது" என்று கேட்கும் நோயாளியைவிட, "அடுத்த பரிசோதனை வரைக்கும் இது கிடையாது" என்று கேட்கும் நோயாளி நன்றாகச் சாப்பிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

பொட்டாசியம் உணவால் மட்டும் ஏறுவதில்லை. அவருடைய இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் "பிரில்" என்றோ "சார்ட்டன்" என்றோ முடிந்தால் அதுவும் ஏற்றும். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே தரப்படுவதால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பைகார்பனேட் 18 என்பது இரத்தத்தில் அமிலம் கூடியிருப்பதைக் காட்டுகிறது. அதுவும் பொட்டாசியத்தை உயிரணுக்களிலிருந்து வெளியே தள்ளும். மூன்றாவதாக, பலர் கவனிக்காதது மலச்சிக்கல். சிறுநீரகம் தளரத் தளர, பெருங்குடல் வழியாக வெளியேறும் பொட்டாசியத்தின் பங்கு கூடுகிறது. வயிறு நான்கு நாள் அடைத்துக்கொண்டால் அந்த வழியும் அடைபடுகிறது. கீரையை நிறுத்திப் பொட்டாசியத்தைக் குறைக்கப் போய், மலச்சிக்கலை வரவழைத்து அதை ஏற்றிக்கொள்ளும் கதை உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று.

ஆகவே நார்ச்சத்தை விட்டுவிடாமல், பொட்டாசியம் குறைந்த காய்களிலிருந்து அதை எடுக்க வேண்டும். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் ஆகியவை உங்களுக்குக் கைகொடுக்கும். பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், இரண்டு துண்டு அன்னாசி போதும். பேரிக்காய் மலம் இளகவும் உதவும். இளநீர் வேண்டவே வேண்டாம். ஒரு தம்ளரில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். மோரை அடித்திருக்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கரண்டித் தயிரை ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து, உப்பில்லாமல் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோரில் பொட்டாசியம் மிகக் குறைவு; புண் உள்ள வயிற்றுக்கும் இதமாக இருக்கும். மருத்துவர் நீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள்.

மலமிளக்கி வாங்கும்போது மெக்னீசியம் கலந்ததையும் பாஸ்பேட் எனிமாவையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், இரண்டும் தளர்ந்த சிறுநீரகத்தில் தேங்கும். லாக்டுலோஸ் பொதுவாகப் பாதுகாப்பானது. இசப்கோல் நல்லதுதான், ஆனால் அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும்.

இன்னொன்று: ஹீமோகுளோபின் 9.6-ஐச் சிறுநீரகத்தின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். பழைய வயிற்றுப்புண், பல ஆண்டு வலி மாத்திரை என்று இரண்டும் இருக்கும்போது உள்ளே மெல்ல இரத்தம் கசிவதும் உண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று கேளுங்கள். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். அந்த வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஒருசேரக் கெடுப்பவை. உணவில் எதை மாற்றினாலும், அவை வீட்டில் இருக்கும் வரை பயன் இல்லை. திடீரென்று உடல் தளர்ச்சியோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் உணவைப் பற்றி யோசிக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மண்சட்டி எழுதியது:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? என் மாமனாருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. மூன்று மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தார், கல் போன இடம் தெரியவில்லை. நம் முன்னோர் சொன்ன உணவைச் சிவப்பு மையால் அடிப்பவர்களை நான் நம்புவதில்லை.

அளவுச்சாப்பாடு எழுதியது:

மண்சட்டி அவர்களுக்கு: உங்கள் மாமனாரின் சிறுநீரகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன, அவற்றில் கல் இருந்தது, அவருக்கு நீர்ச்சத்து மிகுந்த எதுவும் நன்மை செய்திருக்கும். இங்கே பேசப்படும் தந்தையாரின் சிறுநீரகங்களே ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வடிகட்டுகின்றன. "கிட்னி பிராப்ளம்" என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டையும் அடக்கிவிடுவதால்தான், கல்லுக்கு நல்லது என்று கேள்விப்பட்டதைச் செயலிழப்புக்கும் கொடுத்துவிடுகிறோம்.

கல்லைப் பற்றிச் சொன்னதால் ஒரு செய்தி. கால்சியம் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துவது இன்றும் நடக்கிறது. 2002-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து 5 ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் மீண்டும் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. உணவிலுள்ள கால்சியம், சிறுநீரில் தன்னோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது என்பதே இதற்கான விளக்கம். கொழுப்பு சரியாகச் செரிக்காத குடல்நோய் உள்ளவர்களுக்குக் கல் அதிகம் வருவதும் இதனால்தான்: செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, பிடிப்பாரற்ற ஆக்சலேட் இரத்தத்துக்குள் போய்விடுகிறது.

நாஞ்சில்காரன் எழுதியது:

ஆக்சலேட் என்றதும் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக்கு வீடு, ஆக்சலேட் மிகுந்த புளிப்புக் காய் காய்க்கும் பிலிம்பி மரம் நிற்கும். மலையாளத்தில் இரும்பன் புளி என்பார்கள். மீன்குழம்பில் இரண்டு காய் போடுவது வழக்கம்தான். கொழுப்பைக் குறைக்கும் என்ற பேச்சை நம்பி அதைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்கள் பத்துப் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். அதன் தம்பியான நட்சத்திரப் பழம் இன்னும் மோசம். ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டவர்கள் அதைச் சாப்பிட்டால் நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். நரம்பைத் தாக்கும் அந்த நச்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காரம்பாக்சின் என்று பெயரிட்டார்கள். "பழம்தானே, என்ன செய்துவிடும்" என்று யாரும் வாங்கி வந்து கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மருந்தாளர் எழுதியது:

பாலும் ஆப்ப சோடாவும் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. வயிற்றுப்புண்ணுக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும், இடையிடையே ஆப்ப சோடா போன்ற, அமிலத்தை முறிக்கும் காரப் பொடிகளும் கொடுக்கும் முறையை 1915-இல் சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் புகழ்பெறச் செய்தார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதைப் பின்பற்றினார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் குமட்டல், தலைவலி, மயக்கம், சிறுநீரகத் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து வருவதை 1923-லேயே வேறு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பாலும் காரமும் சேர்ந்து இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கின்றன. வயிற்றைத் தேற்றிய உணவே சிறுநீரகத்துக்கு எமனாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி மருத்துவ வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் குடித்ததும் எரிச்சல் அடங்குவது உண்மை. ஆனால் சற்று நேரத்தில் அதுவே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும்.

ஆப்ப சோடாவில் தேக்கரண்டிக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது, ஒரு நாள் அளவில் பாதிக்கும் மேல். பைகார்பனேட் குறைந்திருப்பதால் சிறுநீரக மருத்துவரே சோடியம் பைகார்பனேட் (ஆப்ப சோடாவில் இருக்கும் அதே பொருள்) மாத்திரை எழுதக்கூடும். அது அளந்து தரும் மருந்து. அதைக் காரணம் காட்டி அப்பா டப்பாவைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைமகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆப்ப சோடா டப்பாவை அம்மா ஒளித்து வைத்துவிட்டார். இரண்டு கேள்விகள். பருப்பே கூடாது என்கிறார்களே, உண்மையா? அரிசியை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறலாமா? தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அளவுச்சாப்பாடு எழுதியது:

சர்க்கரை நோயில்லாத, டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் என்பது மருத்துவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் வரம்பு. 60 கிலோவுக்கு அது 36 முதல் 48 கிராம். இது பட்டினி அளவன்று. ஒரு முட்டை 6 கிராம், ஒரு சிறு தம்ளர் பால் 5 கிராம், ஒரு கிண்ணம் வெந்த பருப்பு 7 கிராம் அளவில், மீதி சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். பருப்பை அடியோடு நிறுத்திய வீடுகளில் நோயாளி இரண்டு மாதத்தில் தசை கரைந்து, "கிரியாட்டினின் குறைந்துவிட்டது" என்று மகிழ்வதைப் பார்த்திருக்கிறேன். தசை குறைந்தாலும் கிரியாட்டினின் குறையும்; அந்த மகிழ்ச்சிக்கு அடிப்படை இல்லை. பருப்பைத் தடுக்கச் சொல்லும் இன்னொரு காரணம், தளர்ந்த சிறுநீரகத்தில் தேங்கும் பாஸ்பரஸ். ஆனால் பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பாதியளவுகூட உடலில் சேராது. பதப்படுத்திய இறைச்சி, கோலா பானங்கள், பாக்கெட் உணவுகளில் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும். பொட்டலத்தின் பின்னால் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரையுள்ள பாஸ்பேட் சேர்க்கை எண்களைப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாளை டயாலிசிஸ் என்று வந்தால் இந்தக் கணக்கே தலைகீழாகும். அப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். பழைய சீட்டைப் பிடித்துக்கொண்டு டயாலிசிஸ் நோயாளியைப் பட்டினி போடுபவர்கள் ஏராளம்.

சிறுதானியத்தைப் பற்றி: நோயற்றவர்களுக்கு அது நல்லது, எனக்கும் பிடிக்கும். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 110 அளவில்தான். அதையும் வடித்த சோறாக்கினால் இன்னும் குறையும். ஊரெல்லாம் வையும் வெள்ளை அரிசிதான் இவருக்கு நண்பன்.

பழைய மருந்தாளர் எழுதியது:

சோற்றையே மருந்தாக்கியவர் உண்டு. 1939 முதல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றை மட்டும் கொடுத்துக் கடுமையான இரத்த அழுத்தத்தையும் சிறுநீரக நோயையும் கட்டுப்படுத்தினார். நாளைக்கு 20 கிராம் அளவே புரதம், உப்பு ஏறக்குறைய இல்லை. இன்று அதை அப்படியே யாரும் தர மாட்டார்கள். அவ்வளவு பழச்சாறு உங்கள் தந்தைக்கு ஆகவும் ஆகாது. வெள்ளைச் சோற்றைக் கேலி செய்பவர்களுக்காகச் சொன்னேன்.

தஞ்சைமகள் எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

மாத்திரைகளை மருத்துவர் சரிபார்த்தார், பைகார்பனேட் மாத்திரை தொடங்கினார், கிருமிப் பரிசோதனையும் எழுதினார். மலச்சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனால் பொட்டாசியம் 5.8-இலிருந்து 5.6-க்குத்தான் வந்திருக்கிறது. காய்களை முதல் நாள் இரவே வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் சமைக்கிறோம். எங்கே தவறுகிறோம்?

அளவுச்சாப்பாடு எழுதியது:

ஊறப் போடுவதை நம்பாதீர்கள். 2008-இல் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரவெல்லாம் ஊற வைத்ததால் பொட்டாசியம் குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை. கட்டமாக நறுக்கி வேக வைத்து வடித்தபோது ஏறக்குறைய பாதியும், துருவி வேக வைத்தபோது முக்கால் பங்கும் குறைந்தது. தோல் சீவி, சிறிதாக நறுக்கி, காய் மிதக்கும்படி ஏராளமான நீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, நீரை முற்றிலும் வடித்துவிட்டுப் பிறகு தாளியுங்கள். குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி வேக வைத்தால் போன பொட்டாசியம் அங்கேயே நிற்கும். வடித்த நீரை என்ன செய்கிறீர்கள் என்பதையும் ஒரு முறை அடுப்படியில் நின்று பாருங்கள்.

தஞ்சைமகள் எழுதியது:

நேற்று நின்று பார்த்தேன். அம்மா சௌசௌவையும் உருளையையும் நீங்கள் சொன்னபடியே கொதிக்க வைத்து வடித்தார். வடித்த நீரை ஓர் ஈயச்சொம்பில் பிடித்துத் தனியாக வைத்தார். கால் மணி நேரம் கழித்து அதே நீரில் புளியைக் கரைத்து, தக்காளியைப் பிசைந்து விட்டு ரசம் கூட்டினார். "சத்து எல்லாம் அதில்தானே இருக்கிறது, கொட்டினால் பாவம்" என்றார். அப்பா அந்த ரசத்தை இரண்டு தம்ளர் குடிப்பவர். இத்தனை நாளும் காயை விட்டு வெளியேற்றிய பொட்டாசியத்தை முழுதாகத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம்.

வெண்பொங்கல் எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், பருப்புத் தண்ணீர். வடித்த நீரை இப்போது கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறோம். கொட்டிய பாவம் இல்லை என்று என் மாமியாருக்குச் சமாதானம்.

தஞ்சைமகள் எழுதியது (ஒரு மாதம் கழித்து):

பொட்டாசியம் 5.0. கிரியாட்டினின் 3.0, அதே நிலைதான். கிருமிப் பரிசோதனையில் பைலோரி இருப்பது உறுதியாகி, 14 நாள் மருந்து முடிந்துவிட்டது. நெஞ்செரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு, தக்காளி இல்லாமல் புளியைக் குறைத்து, வெறும் நீரில் ரசம் வைக்கிறோம். அரைத் தம்ளர் என்று பேசி முடித்திருக்கிறோம். வாரம் இரண்டு நாள், துருவி வேக வைத்து வடித்த உருளைக்கிழங்கில் ஒரு கை அளவு பொரியல். முதல் நாள் அதை வாயில் வைத்தவர், "இதில் உருளைக்கிழங்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஆனாலும் தட்டில் மீதி வைக்கவில்லை. சிறிய ஏலக்கி வாழைப்பழம் ஒன்றை எப்போது தொடங்கலாம் என்று தினமும் நச்சரிக்கிறார்; என்ன பதில் சொல்ல?

அளவுச்சாப்பாடு எழுதியது:

அடுத்த பரிசோதனையிலும் 5.0-க்கு மேல் போகாவிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு. உருளைக்கிழங்கு பொரியல் செய்யாத நாள்களில் மட்டும்.